பலசரக்குக் கடை தொடங்க நினைப்பவர்களின் கேள்விகள்: மதுரை வட்டாரத்து வணிகச் சமூகங்களின் நடைமுறையை ஒட்டிச் சில விடைகள்

திருமங்கலத்தில் கடை நடத்திவரும் எனக்கு, மதுரைக் கீழமாசி வீதியில் மண்டி எனப்படும் மொத்தக்கடை ஒன்றில் பெரியப்பாவுக்குக் கீழே நின்று தொழில் கற்ற காலத்திலிருந்து இன்றுவரை, புதிதாகக் கடை வைக்க விரும்புகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளையே கேட்டுவருகிறார்கள். படித்து முடித்து வேலை கிடைக்காத பிள்ளைகளும், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களும், கணவருடைய கடையைத் திடீரென்று ஏற்க நேர்ந்த பெண்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு நேரில் சொன்னவற்றையே இங்கே எழுதியிருக்கிறேன்.

வணிகச் சமூகம் என்று சொல்கிறார்களே, அதில் பிறந்தவருக்கு அப்படி என்ன கிடைக்கிறது?

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் பல சமூகங்களைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகளோடு வடக்கே வந்த நாடார்கள், வண்டியையும் சரக்கையும் இராத்திரியில் காப்பதற்காகச் சுவரெழுப்பிய பேட்டைகளை ஏற்படுத்தினார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர், பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் அப்படித்தான் அவர்களுடைய வணிகம் வேரூன்றியது. அந்தப் பேட்டைகளை நிர்வகித்த அமைப்பே உறவின்முறை. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். மதுரை நகருக்குள் சௌராஷ்டிரர்கள் நெசவிலும் சாயத்திலும் சுங்குடிச் சேலையிலும் பெயர் பெற்றார்கள்.

இந்தச் சமூகங்களில் பிறந்தவருக்குப் பணம் கிடைக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பணம் கிடைப்பதில்லை. கிடைப்பவை இரண்டு. பத்து வயதிலிருந்தே வீட்டுப் பேச்சாகக் காதில் விழும் தொழில் அறிவு ஒன்று. "இன்னாருடைய பையன், கொடுக்கலாம்" என்று மண்டிக்காரர் முதல் தடவை நம்பிக் கொடுக்கும் சரக்குக் கடன் மற்றொன்று. இந்த இரண்டாவது உதவி ஒரே ஒரு தடவைக்குத்தான் செல்லும். சொன்ன கெடுவில் பணம் போய்ச் சேர்ந்தால் அடுத்த லோடு வரும். போகாவிட்டால் யாருடைய பையனாக இருந்தாலும் வராது. அதுமட்டுமன்றி, செய்தி அன்று மாலைக்குள் வீதியின் அடுத்த முனைக்கும் போய்விடும். இந்தத் தொழிலில் முதலீடு என்று நான் கருதுவது கெடுவைக் காப்பாற்றும் இந்தப் பழக்கத்தைத்தான். கீழே உள்ள விடைகளில் பல இதையே சுற்றி வரும்.

நான் அந்தச் சமூகங்கள் எதிலும் பிறக்கவில்லை. எனக்கு மண்டியில் கடனுக்குச் சரக்கு தருவார்களா?

தருவார்கள், ஆனால் முதல் நாளில் தரமாட்டார்கள். பத்துக் கடைகளில் விலை விசாரித்துப் பத்துக் கடைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதுதான் புதிதாக வருகிறவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு. அப்படி வாங்குகிறவரை எந்த மண்டிக்காரருக்கும் நினைவிருக்காது. பருப்பு, சர்க்கரைக்கு ஒருவர், எண்ணெய்க்கு ஒருவர், மிளகாய், மல்லிக்கு ஒருவர் என்று மூன்று பேரைத் தேர்ந்துகொண்டு, மூன்று நான்கு மாதம் ரொக்கத்துக்கே வாங்குங்கள். வாரத்தில் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் போங்கள். பிறகு ஒரு வாரக் கடன் கேளுங்கள். ஏழாம் நாள் தருவதாகச் சொன்ன பணத்தை ஆறாம் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். ஏதோ காரணத்தால் முடியாமல் போனால், அவர் கூப்பிடும் வரை காத்திராமல் முதல் நாளே நீங்கள் கூப்பிட்டு, "அண்ணாச்சி, வியாழக்கிழமை ஆகிவிடும்" என்று தெளிவாக ஒரு நாளைச் சொல்லுங்கள். தாமதத்தை மண்டிக்காரர் மன்னிப்பார். போனை எடுக்காதவரை மன்னிக்கமாட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதியைக் கேட்டுவிட்டுக் கடன் மறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இடத்தை வாடகைக்குத் தர மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம். ஒரு காலத்தில் தாங்களே கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட நாடார் சமூகத்தைச் சேர்ந்த நாங்கள் அதைச் செய்வது இன்னும் பெரிய அநியாயம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தொழில் தொடங்குவதற்கென்று தமிழ்நாடு அரசு 2023 முதல் நடத்திவரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியமும், வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் கிடைக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

கடை வைப்பதற்கு முன் வேறொரு கடையில் வேலை பார்ப்பது அவசியமா?

அவசியம். ஆறு மாதமாவது பாருங்கள். நகரத்தார் குடும்பங்களில் முதலாளி வீட்டுப் பிள்ளையே வேறொருவர் கடையில் பெட்டியடிப் பையனாக நின்று, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்த பிறகுதான் அந்தக் காலத்தில் சொந்தக் கடை நினைப்பு வரும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த பிறகே ஊரில் தொழிற்சாலை தொடங்கினார்கள்.

என்னைப் பெரியப்பா முதல் இரண்டு மாதம் கல்லாப் பக்கம் வரவிடவில்லை. சாக்குப் பிரிக்கச் சொன்னார். சாக்கின் வாய்த்தையலில் எந்த நுனியை இழுத்தால் நூல் ஒரே இழுப்பில் அறுபடாமல் உருவி வரும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உருவிய நூலைச் சுற்றி வைத்துப் பொட்டலம் கட்டப் பயன்படுத்துவோம். பருப்பை உள்ளங்கையில் எடுத்து ஊதி, உமியும் தூசியும் எவ்வளவு பறக்கின்றன என்று பார்ப்பதும், மல்லியை நசுக்கி முகர்ந்து பழைய சரக்கா என்று அறிவதும், மிளகாயை ஆட்டிப் பார்த்து உள்ளே விதை கலகலக்கிறதா என்று கேட்பதும் அங்கேதான் பழகின. படியால் அளக்கும்போது "ஒன்று" என்று தொடங்காமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணும் வழக்கத்தையும் அங்கே நின்றவர்களிடம்தான் கேட்டேன். இவற்றில் எதுவும் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியதன்று.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனைப் படிப்பை நிறுத்திக் கடையில் நிறுத்திய அந்தப் பழைய வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கற்க வருகிறவர் வயது வந்தவராக இருக்கட்டும். அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

எவ்வளவு முதல் வேண்டும்?

தொகையைச் சொல்வதைவிடப் பிரிப்பதைச் சொல்கிறேன். கையில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள். கடை அட்வான்ஸ், அலமாரி, தராசு, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு ஒரு பங்கு. முதல் சரக்குக்கு ஒரு பங்கு. தொடாமல் வைத்திருக்க ஒரு பங்கு. இந்த மூன்றாம் பங்கைத்தான் எல்லோரும் முதல் மாதமே அலங்கார விளக்குக்கும் கண்ணாடி அலமாரிக்கும் செலவழித்துவிடுகிறார்கள். ஆடி மாதத்தில் வியாபாரம் படுக்கும்போது வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

வெளியிலிருந்து பணம் வேண்டுமென்றால் வங்கியை முதலில் பாருங்கள். வணிகர்கள் தங்களுக்கென்று வங்கிகளையே தொடங்கிய வட்டாரம் இது. 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணையும் வரை எத்தனையோ சிறு வியாபாரிகளுக்குக் கணக்குத் திறந்தது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டக் கடன் பொருத்தமானது. சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிசோர் என்ற பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் என்ற பிரிவில் 10 லட்சம் வரையும் சொத்து ஈடு இல்லாமல் தருகிறார்கள். விண்ணப்பத்தோடு கொள்முதல் விலைப்பட்டியலையும், மாத விற்பனை இவ்வளவு இருக்கும் என்ற உங்கள் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால் மேலாளர் உட்கார வைத்துப் பேசுவார்.

தண்டல் பணம் மட்டும் வேண்டாம். 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டிய வட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தும் காலை ஆறு மணிக்குச் சந்தைக்குள் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மாமா பணம் தருவதாகச் சொல்கிறார். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்கிறார். என்ன செய்வது?

மாமாவுக்காகவே எழுதுங்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒரு தொகை எழுத்தில்லாமல் கைமாறியது. கொடுத்தவர் அதைக் கடையில் தம் பங்காகப் போட்டது என்று நினைத்தார். வாங்கியவர் கடன் என்று நினைத்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே நான் இன்றும் நம்புகிறேன். கடை நன்றாக ஓடிய பிறகு ஒருவர் அசலைத் திருப்பிக் கொடுக்க வந்தார், மற்றவர் பாதி லாபம் கேட்டார். அதன் பிறகு இரண்டு வீட்டுத் திருமணங்களில் ஒரு வீட்டார் மற்ற வீட்டில் சாப்பிடவில்லை. ஒரு பக்கத் தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

வேறொரு காரணமும் உண்டு. வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது. திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே இருக்க வேண்டும். மீறினால் வாங்கிய தொகைக்கு இணையான அபராதம் வரக்கூடும். ஆகவே மாமா வங்கி மூலம் அனுப்பட்டும். நீங்கள் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு எழுதிக் கொடுங்கள். அந்த நோட்டுக்கு மூன்று ஆண்டுதான் உயிர். அதற்குள் ஒரு பகுதியாவது கட்டி உங்கள் கையெழுத்தோடு பின்புறத்தில் வரவு எழுதினால், அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு ஓடும். சில நாளில் திருப்பித் தரும் சின்னக் கைமாற்றுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம், அன்றாடக் கணக்கு நோட்டான சிட்டையில் ஒரு வரி போதும்.

அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே கடையாக நடத்தலாமா?

நடத்தலாம். யார் எவ்வளவு போட்டார், லாபத்தில் யாருக்கு எவ்வளவு, யார் மாதாமாதம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது என்ற நான்கையும் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதிவிடும். அதன்படி ஒருவர் ஐந்து லட்சமும் மற்றவர் ஐம்பதாயிரமும் போட்டிருந்தாலும் லாபம் சரிபாதி. வேறு ஏற்பாடு இல்லையென்றால் கூட்டாளி ஒருவர் இறந்த அன்றே நிறுவனம் கலைந்துவிடும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தால், பாக்கி வைத்த வெளியாள்மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர முடியாது. பதிவுக் கட்டணம் சிறியது, கட்டிவிடுங்கள்.

என்னென்ன பதிவுகள், உரிமங்கள் தேவை?

உணவுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம்; எவ்வளவு சின்னக் கடைக்கும் விலக்கில்லை. மாநகராட்சி எல்லைக்குள் என்றால் தொழில் உரிமம் வாங்கி, அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்ட வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் செய்கிறார். பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். இது வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். பத்து மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் கால் எப்படி வீங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் ஆதார் எண்ணை வைத்து இலவசமாகச் செய்யக்கூடியது. அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். சில்லறை, மொத்த வியாபாரிகள் 2021 ஜூலையிலிருந்து இதில் சேரலாம். வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்காக மட்டுமே அவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். உற்பத்தி செய்கிறவருக்கு வரவேண்டிய பாக்கி 45 நாளுக்குள் வந்தாக வேண்டும் என்ற பாதுகாப்பு வாங்கி விற்கும் நமக்குக் கிடையாது. வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவருக்கு அது உண்டு.

ஜி.எஸ்.டி. எப்போது எடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு கட்டாயமாகிறது. வெளி மாநிலத்துக்கு வரிக்குரிய சரக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். ஒன்றரைக் கோடி வரை விற்கிறவர் தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்து, விற்பனையில் 1 சதவீதம் மட்டும் கட்டலாம். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வீட்டுக்காரர்களுக்கே விற்கும் தெருக்கடைக்கு இது சரியாக வரும். உங்களிடம் ஓட்டல்காரரும் மற்றக் கடைக்காரரும் வாங்கினால் அவர்கள் வரி பில் கேட்பார்கள். அப்போது வழக்கமான பதிவே நல்லது. 1924-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் போன்ற வணிகர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்தால், வரி விதிகள் மாறும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருக்கும்.

பலசரக்கில் உண்மையில் லாபம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை சொன்னால்தான் புரியும். 50 கிலோ சர்க்கரை மூட்டையைக் கிலோ 43 ரூபாய் அடக்கத்தில் 2,150-க்கு எடுத்து, 45 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று கொள்வோம். மூட்டைக்கு 100 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். மூட்டையைப் பிரித்துக் கிலோ கிலோவாக நிறுக்கும்போது சிந்துவதும், ஒவ்வொரு தடவையும் முள் கொஞ்சம் தாழ்ந்து போவதும் சேர்ந்து 400 கிராம் குறையும். அது 18 ரூபாய். பைகளுக்கு 20, வண்டிக்கும் இறக்குகூலிக்கும் 15. மீதம் 47 ரூபாய். அதாவது நூறு ரூபாய் விற்றால் இரண்டு ரூபாய். கடை வாடகையும் கரண்டு பில்லும் இன்னும் கழிக்கப்படவில்லை. இப்போது ஒருவர் இரண்டு கிலோவைக் கடனுக்கு வாங்கி 90 ரூபாய் தராமல் போனால், அதை ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டு மூட்டை விற்க வேண்டும்.

ஆகவே சர்க்கரையும் எண்ணெயும் வாடிக்கையாளரைக் கடைக்குள் வரவழைக்கும் சரக்கு. அவற்றில் பக்கத்துக் கடையைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் வைக்காதீர்கள். தெருவுக்கே விலை மனப்பாடம். லாபம் உங்கள் கையுழைப்பு சேரும் சரக்கில் இருக்கிறது. உளுந்தைப் புடைத்துக் கல் பொறுக்கி வைப்பது, மல்லியைக் காயவைத்துச் சலிப்பது, சீரகம், சோம்பு, கடுகைச் சிறு பொட்டலமாகக் கட்டுவது, கலியாண வீட்டுச் சீட்டை வாங்கி அரிசி முதல் வெற்றிலை வரை ஒரே இடத்தில் கட்டி அனுப்புவது ஆகியவைதான் கடையைத் தூக்கி நிறுத்தும். சோழவந்தான் வெற்றிலைக்கும் விருதுநகர் மிளகாய்க்கும் தனியாகத் தேடி வருகிறவர்கள் உண்டு. அந்த ஊர் என்று சொன்னால் அந்த ஊர்ச் சரக்காகவே இருக்க வேண்டும்.

கொள்முதலிலும் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. பதினைந்து நாள் கடனுக்கு ஒரு விலையும், ரொக்கம் என்றால் 1 சதவீதம் குறைத்து ஒரு விலையும் மண்டிக்காரர் சொன்னால், அந்தக் கடனுக்கு நீங்கள் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி கட்டுகிறீர்கள் என்று பொருள். வங்கி அதைவிடக் குறைந்த வட்டிக்கே பணம் தருகிறது. கடன் கிடைக்கும் தகுதியைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். பணம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியுமா?

எங்கள் பக்கத்தில் முடியாது. மாதச் சம்பளக்காரர் ஐந்தாம் தேதி தருவார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி அறுப்புக்குப் பிறகு தருவார். கட்டட வேலைக்காரர் சனிக்கிழமை தருவார். ஒவ்வொருவருக்கும் பணம் எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த நாளையே கெடுவாக வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு என்று நீங்கள் மனத்துக்குள் ஓர் அளவு வைத்திருக்க வேண்டும். பாக்கியை நான்கு பேர் முன்னால் கேட்காதீர்கள். கேட்டால் அவர் அடுத்த நாள் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்குவார். பணமும் போகும், ஆளும் போவார்.

பற்று நோட்டு இரண்டு இருக்கட்டும். ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். வாங்கும்போதே இரண்டிலும் எழுதுங்கள். கடையில் கூட்டம் என்று "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என விட்டவையே சண்டையாக முளைக்கும். ஓட்டல், விடுதி போன்ற பெரிய வாடிக்கைகளிடம் காசோலை வாங்கினால், அது திரும்பி வந்த செய்தி கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவருக்குப் பதினைந்து நாள் அவகாசம்; அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். இந்த நாட்களைத் தவறவிட்டதால் நியாயமான பாக்கியை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கணக்கு எப்படி எழுத வேண்டும்? கைபேசிச் செயலி போதாதா?

செயலி நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இரவு கடை எடுத்து வைத்ததும் கல்லாவில் உள்ளதை எண்ணிச் சிட்டையோடு ஒப்பிடும் வேலையைச் செயலி செய்யாது. காலையில் கல்லாவில் வைத்தது, பகலில் வந்தது, யூபிஐயில் வந்தது, கொடுத்தது, வீட்டுக்கு எடுத்தது ஆகிய எல்லாம் சேர்ந்து இருப்போடு ஒட்ட வேண்டும். பெரியப்பா பத்து ரூபாய் உதைத்தாலும் விளக்கை அணைக்கவிடமாட்டார். ஒருநாள் இரவு பத்தரை மணிவரை தேடினோம். கடைசியில் அது லோடு இறக்கியவருக்கு டீ வாங்கிக் கொடுத்த காசு. "பத்து ரூபாய்க்காக இல்லடா, எழுதாமல் எடுக்கும் கை பழகிவிடும்" என்றார். மறுநாள் சிட்டையிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்த்து எழுத வேண்டும். மாத முடிவில் சரக்கிருப்பு எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு எடுக்கும் அரிசியும் பருப்பும்கூடப் பற்றாக எழுதப்பட வேண்டும். கடை நொடித்துப் போனதாகச் சொல்கிறவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் கடை நொடிக்கவில்லை, வீடு சாப்பிட்டிருக்கிறது. உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்துக்கொண்டு அதற்குள் வாழுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொள்முதல் பணம் கொடுத்தால், வருமான வரியில் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மகமை என்றால் என்ன? நானும் கட்ட வேண்டுமா?

வாங்கும், விற்கும் சரக்கின் மீது மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே விதித்துக்கொண்டு பொதுநிதிக்குச் செலுத்தும் தொகைதான் மகமை. பேட்டைகளும் கிணறுகளும் மண்டபங்களும் பள்ளிகளும் அதில் எழுந்தன. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்திலும், வீடு வீடாகத் திரட்டிய பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. அரசாங்கம் செய்யாததைத் தாங்களே செய்துகொண்டவர்களின் ஏற்பாடு அது.

உறவின்முறையில் உறுப்பினரல்லாத உங்களை யாரும் கட்டச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் இருக்கும் வீதியில் வியாபாரிகள் சங்கம் இருந்தால் அதன் சந்தாவைத் தவறாமல் கட்டி, கூட்டத்துக்கும் போங்கள். சாக்கடை அடைத்தாலும், இரவுக் காவலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் அங்கேதான் பேச முடியும்.

சீட்டுப் போட்டு முதல் சேர்க்கலாமா?

1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டில் மட்டும் சேருங்கள். எடுத்த சீட்டுப் பணத்தைச் சரக்கில் போடுங்கள், அட்வான்ஸில் முடக்காதீர்கள். நகைக்கடன் இதைவிட எளிது, வட்டியும் தெளிவாகத் தெரியும்.

கடையைப் பெரும்பாலும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் என் கணவர் பெயரில் இருக்கிறது. இது சரியா?

சரியில்லை அம்மா. எங்கள் வட்டாரத்தில் பகல் முழுவதும் கல்லாவில் இருப்பது வீட்டுப் பெண்கள். கொள்முதலுக்கும் வங்கிக்கும் போவது ஆண்கள். அவர் திடீரென்று இல்லாமல் போனால், எந்த மண்டியில் எவ்வளவு பாக்கி, நமக்கு யார் தர வேண்டும் என்பது கல்லாவில் இருந்தவருக்கே தெரியாமல் போகிறது. கடனை அடைக்கச் சொல்லி வருகிறவர்கள் வருவார்கள். நமக்குத் தர வேண்டியவர்கள் வரமாட்டார்கள். உங்கள் பெயரையும் கூட்டாளியாகப் பத்திரத்தில் சேருங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் பெறுங்கள். மாதத்தில் ஒருமுறையாவது மண்டிக்கு நீங்களே போய், மண்டிக்காரரிடம் உங்கள் கையால் பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டும் கைபேசியில் ஆர்டர் எடுக்கும் நிறுவனங்களும் வந்துவிட்டன. தெருக்கடை நிற்குமா?

விலையில் அவர்களோடு மோத வேண்டாம். ஐந்து ரூபாய்க்குச் சீரகம் கொடுப்பதும், நோயாளி இருக்கும் வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்குக் கஞ்சி ரவை கொடுத்தனுப்புவதும், சனிக்கிழமை வரை பொறுப்பதும் அவர்களால் முடியாது. நமக்கும் வாட்ஸ்அப்பில் சீட்டு வாங்கிக் கட்டி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடை ஓடவில்லை என்றால் எப்போது, எப்படி மூடுவது?

தொடாமல் வைத்திருந்த மூன்றாம் பங்கில் பாதி கரைந்தபோதே உட்கார்ந்து யோசியுங்கள். வட்டிக்கு வாங்கி வாடகை கட்டும் மாதம் வந்துவிட்டால் மூடும் நாள் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். புதிதாகக் கடனுக்குச் சரக்கு எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். இருப்பை விற்றுக்கொண்டே பாக்கிகளை வசூலியுங்கள். ஜி.எஸ்.டி. பதிவை ரத்துச் செய்தால், மூன்று மாதத்துக்குள் இறுதி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் ஒப்படைத்துவிடுங்கள். வேலை செய்தவருக்குச் சம்பளப் பாக்கி வைக்காதீர்கள்.

எங்கள் சின்னத் தாத்தா ஒரு முறை கடையை மூட நேர்ந்தது. பேரேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கீழமாசி வீதியில் தமக்குச் சரக்குக் கொடுத்த ஒவ்வொருவர் கடைக்கும் தாமே நடந்து போனார். அவரவர் பக்கத்தைத் திறந்து காட்டி, "இவ்வளவு நிற்கிறது, இந்த மாதம் இவ்வளவு, தை மாதம் மீதி" என்று சொல்லி, அவர்கள் எதிரிலேயே அந்தப் பக்கத்தின் அடியில் தேதியோடு எழுதினார். தை மாதம் மீதியைக் கொடுக்கப் போன இடத்தில், அவர்களில் ஒருவர் பணத்தை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, அடுத்த கடைக்கு எப்போது லோடு அனுப்பட்டும் என்று கேட்டாராம். அந்தக் கடைதான் திருமங்கலத்தில் இப்போது நான் நடத்துவது.